ஓட்டம் நின்ற நாள்கள்

நுழையும்முன்

நாள்தோறும் ஓடிப் பழகியவருக்குக் காலில் அடிபட்டால், வலியைவிடப் பெரிதாக ஓர் அச்சம் எழுகிறது. இத்தனை மாதப் பயிற்சியும் வீணாகிவிடுமோ என்பதே அது. அவ்வச்சம் எந்த அளவுக்கு உண்மை, ஓட முடியாத வாரங்களில் உடல் எவற்றை இழக்கிறது, எவற்றைக் காத்துக்கொள்ள முடியும் என்பனவற்றை விளக்குகிறது இப்பாடம்.

பதினேழு நாள்கள்

1984ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜோன் பெனாய்ட் என்னும் ஓட்ட வீராங்கனை நெடுந்தொலைவுப் பயிற்சியில் இருந்தார். முந்தைய ஆண்டு பாஸ்டன் மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 43 நொடியில் ஓடி முடித்தவர் அவர். அதுவரை உலகில் எந்தப் பெண்ணும் அத்தொலைவை அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை. ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் அவ்வாண்டுதான் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த நிலையில், பயிற்சியின் நடுவே அவருடைய வலது முழங்கால் மடக்கவும் நீட்டவும் இயலாதபடி பூட்டிக்கொண்டது.

ஊசி மருந்தும் சில நாள் ஓய்வும் நிலையான பயன் தரவில்லை. ஏப்ரல் 25 அன்று சிறு துளையிட்டு உள்நோக்கிக் கருவியால் செய்யும் மூட்டு அறுவை நடந்தது. முழங்காலின் அசைவைத் தடுத்துக்கொண்டிருந்த நார்த்திரளை மருத்துவர் அகற்றினார். ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும் மாரத்தான் ஓட்டம் மே 12 அன்று நடக்கவிருந்தது. இடையில் இருந்தவை பதினேழு நாள்களே. கால்களைப் பயன்படுத்த இயலாத நாள்களில் பெனாய்ட், உடற்பயிற்சி மிதிவண்டியின் மிதிகட்டைகளைக் கைகளால் பற்றிச் சுழற்றினார். காலுக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு கிடைத்தது; இதயமும் நுரையீரலும் மட்டும் தம் உழைப்பை நிறுத்தவில்லை. தேர்வு ஓட்டத்தில் 2 மணி 31 நிமிடம் 4 நொடியில் அவரே முதலாவதாக வந்தார். ஆகஸ்டு 5 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் ஓடி, பெண்கள் மாரத்தானின் முதல் ஒலிம்பிக் தங்கத்தையும் பெற்றார்.

இந்நிகழ்வைப் படிப்போர் ஒன்றை மறந்துவிடலாகாது. அவருக்கு இருந்தது அகற்றினால் தீரக்கூடிய ஒரு தடை. எலும்பில் ஏற்பட்ட விரிசலை எந்த மன உறுதியாலும் பதினேழு நாளில் ஆற்றிவிட முடியாது. அவரிடமிருந்து மாணவர் கற்க வேண்டியது அவர் காட்டிய விரைவு அன்று. கால் ஓய்ந்திருந்தபோது உடலின் பிற பகுதிகளை ஓயவிடாத முறையே.

மறைக்கப்படும் வலி

மாவட்ட அளவிலான போட்டிக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, கீழ்க்காலின் முன்னெலும்பில் ஒரு மாணவிக்கு வலி தோன்றுகிறது எனக் கொள்வோம். உடற்கல்வி ஆசிரியரிடம் சொன்னால் அணியிலிருந்து பெயர் நீக்கப்படும் என்று அவள் அஞ்சுகிறாள். வீட்டில் சொன்னால் ஓட்டமே நின்றுவிடும் என்னும் அச்சமும் உண்டு. எனவே வலியை மறைத்து ஓடுகிறாள். பள்ளிகளில் இது அரிய நிகழ்வு அன்று.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஐம்பது கிலோ எடையுள்ளவரின் கால், அடிதோறும் நூறு முதல் நூற்றைம்பது கிலோ எடைக்கு ஈடான தாக்குதலை ஏற்கிறது. ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ ஆயிரம் அடிகள். இத்தாக்குதலால் எலும்பில் நுண்சிதைவுகள் தோன்றுவதும், ஓய்வு நேரத்தில் உடல் அவற்றைச் சீர்செய்வதும் இயல்பு. சிதைவின் வேகம் சீராக்கத்தின் வேகத்தை விஞ்சும்போது மயிரிழை விரிசல் உண்டாகிறது. இத்தகைய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாம். படத்தில் ஒன்றும் இல்லை என்பதற்காக விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று எழும் வலியை அலட்சியப்படுத்தக்கூடாது.

நம் ஊர்களில் காலில் வலி என்றவுடன் சுளுக்கு என்று கருதி எண்ணெய் தேய்த்து வழித்துவிடும் வழக்கம் உண்டு. தசைப்பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். விரிசல் உள்ள எலும்பின்மேல் அழுத்தி வழிப்பது தீங்கு. எது சுளுக்கு, எது விரிசல் என்பதை எலும்பு மருத்துவரே கூற வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலான விரிசல்கள் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். மறைத்து ஓடினால் விரிசல் முழு முறிவாகக்கூடும். அம்மாணவி காத்துக்கொள்ள நினைத்தது ஒரு போட்டியை. இழக்க நேர்வது ஓர் ஆண்டாக இருக்கலாம்.

நிறுத்தினால் எது குறைகிறது?

உடல்தகுதி என்பது ஒரே பொருள் அன்று. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு, தசைச் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின் வளம், தசையின் வலிமை, எலும்பின் உறுதி எனப் பல கூறுகள் சேர்ந்ததே அது. பயிற்சி நின்றால் இவை அனைத்தும் ஒரே வேகத்தில் குறைவதில்லை.

முதலில் குறைவது குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா. சில நாள்களிலேயே அதன் அளவு குறையத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் செலுத்தும் குருதி குறைகிறது. அதே வேலைக்கு இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகிறது. ஒரு வாரம் ஓய்ந்து மீண்டும் ஓடுபவர் மூச்சிரைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நெடுநாள் பயிற்சி பெற்ற எழுவர் பயிற்சியை முற்றிலும் நிறுத்தினர். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் 21 நாள்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56 நாள்களுக்குப் பின் 16 விழுக்காட்டுக் குறைவில் அது நிலைகொண்டது. எல்லாம் போய்விடும் என்று அஞ்சுவோர் இவ்வெண்களைக் கருத வேண்டும்: ஒன்றுமே செய்யாதிருந்தபோதும் இழப்பு ஆறில் ஒரு பங்கு அளவில் நின்றது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966இல் இருபது வயதுடைய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆய்ந்தனர். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கால் பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் ஆய்ந்தபோது, முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்ததே மிகுதி என்பது தெரியவந்தது. ஓட்டத்தை நிறுத்துவது வேறு, படுத்துவிடுவது வேறு.

நீரும் மிதிவண்டியும்

ஆர்க்கிமிடீசின் மிதப்பு விதியை மாணவர் அறிவர். இடுப்பளவு நீரில் நிற்பவரின் எடையில் ஏறத்தாழப் பாதியும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கும், கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்குமே காலில் இறங்கும். கால் தரையைத் தொடாத ஆழத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, நிமிர்ந்த நிலையில் ஓடுவதுபோலவே கைகால்களை இயக்குவதை நீரோட்டப் பயிற்சி எனலாம். தாக்குதல் இல்லை, ஓட்டத்தின் அசைவு மட்டும் உண்டு. நீரின் எதிர்ப்பு காற்றைவிடப் பன்மடங்கு மிகுதியாதலால் மெதுவாக இயங்குவதே கடினமாக இருக்கும். ஒரு நிமிடம் விரைவாக, அரை நிமிடம் மெதுவாக என மாற்றி மாற்றி இருபது நிமிடம் செய்தால் நல்ல உழைப்பாகும். நீரில் நாடித்துடிப்பு நிலத்தில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காணப்படும்; அதனைக் கொண்டு உழைப்பு போதவில்லை என்று எண்ண வேண்டியதில்லை.

நீச்சல்குளம் உள்ள பள்ளிகள் நம்மிடம் மிகச் சில. படித்துறையுள்ள கிணறோ குளமோ உள்ள ஊர்களில், நீந்தத் தெரிந்தவர், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டுமே இதனைச் செய்யலாம். தையல் பிரிக்காத புண்ணோடு நீரில் இறங்கலாகாது.

பெரும்பாலோர்க்கு எளிதில் கிடைப்பது மிதிவண்டி. பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியே இதற்குப் போதும். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரத்தில் இருக்கை அமைய வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் சில்லின்மீது அழுத்தம் கூடும். ஒரு வலியைத் தீர்க்கப் போய் மற்றொன்றை வாங்கிக்கொண்டதாகும். ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் காற்றில் சுழற்றுவதில் எதிர்ப்பு இல்லையாதலால் பயன் குறைவு. அதைவிடச் சிறிது மேடான சாலையில் செல்வது நன்று. இவை எல்லாவற்றிலும் பொதுவான அளவுகோல் ஒன்றுண்டு: செய்யும்போதும், மறுநாளும் அடிபட்ட இடத்தில் வலி இருத்தல் கூடாது. குதிநாண் புண்பட்டவருக்கு நீர் ஒத்துக்கொள்ளும், மேட்டில் மிதிப்பது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எதைச் செய்யலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கட்டுப் போட்ட காலையும் முற்றிலும் மறந்துவிட வேண்டியதில்லை. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி அளித்தபோது பயிற்சி பெறாத மற்றொரு கையின் வலிமையும் கூடியது. தசைகளை இயக்கும் நரம்பு மண்டலம் இரு பக்கங்களுக்கும் பொதுவாக இருப்பதன் விளைவு இது. நலமாக உள்ள காலுக்குத் தரும் பயிற்சி, கட்டுக்குள் இருக்கும் காலின் வலிமை இழப்பைக் குறைக்க உதவும். வயிறு, முதுகு, தோள் ஆகியவற்றை வலுவாக்க ஓட்ட வீரர்க்கு வேறு நேரம் கிடைப்பதே அரிது.

தட்டில் இருக்க வேண்டியவை

ஓடவில்லையே, உண்டால் எடை கூடிவிடுமே என்று உணவைக் குறைப்போர் உண்டு. ஆறும் எலும்புக்கும் தசைக்கும் உணவு வேண்டும். பருப்பு, கடலை, முட்டை, மீன், பால் ஆகியவை புரதம் தருவன. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. அரிசியில் அதன் சிறு பகுதியே உண்டு. போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்யும் மாணவியர்க்கு மாதவிடாய் சில மாதங்கள் வராமல் நின்றுபோவதுண்டு. அதனைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிடுதல் பெரும்பிழை. எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி; அத்தகையோர்க்கு எலும்பு விரிசல் எளிதில் ஏற்படும். தாயிடமும் மருத்துவரிடமும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டிய செய்தி இது.

திரும்பி ஓடும் நாள்

நீரிலும் மிதிவண்டியிலும் ஒழுங்காக உழைத்தவருக்கு ஒரு புதிய இடர் காத்திருக்கிறது. அவருடைய இதயமும் மூச்சும் முன்போலவே உள்ளன. எலும்பும் நாணும் பல வாரங்களாகத் தாக்குதலை ஏற்கவில்லை. அவை உறுதி குன்றியிருக்கின்றன. நாண்களுக்குக் குருதி ஓட்டம் குறைவாதலால் அவை மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு 'ஓடு' என்கிறது. அதனை நம்பி முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடுபவர் மீண்டும் மருத்துவரிடம் செல்ல நேர்கிறது. பெனாய்ட்டும் இதற்கு விலக்கு அல்லர். அறுவைக்குப் பின் விரைவாக ஓடத் தொடங்கியபோது, வலது காலைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் இடது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. தேர்வு ஓட்டத்துக்கு முந்தைய நாள்களில் அதற்கும் மருத்துவம் பார்க்க வேண்டியதாயிற்று.

எனவே மருத்துவர் ஒப்புதல் தந்த பின், முதலில் அரை மணி நேரம் விரைந்து நடந்து பார்க்க வேண்டும். வலி இல்லையெனில், மண் தரையில் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, அதனை ஏழெட்டு முறை செய்யலாம். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் மிதிவண்டி என்று மாற்றிக்கொள்ளலாம். தொலைவைக் கூட்டிய பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும். ஓடும்போது உடல் சூடேறியிருப்பதால் வலி மறைந்திருக்கக்கூடும். ஆகவே மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகளில் வலி இருக்கிறதா என்று பார்த்தே அடுத்த ஓட்டத்தை முடிவு செய்தல் வேண்டும். வலி இருந்தால், அன்று மிதிவண்டி.