எலுமிச்சைத் தோலில் ஒரு பாதிப் பாடம்

பெரியதாழையில் எட்டாம் வகுப்புக்கு உணவுப் பாடம் நடத்தும்போது, சாறு பிழிந்தபின் நாம் எறியும் எலுமிச்சைத் தோலில் பெக்டின் என்ற நார்ப்பொருள் உண்டு, அது இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்றேன். மூன்றாம் நாள் ஒரு மாணவி, "சார், தாத்தா மாத்திரைய நிறுத்திட்டு எலுமிச்சத் தோலக் கொதிக்கவச்சுக் குடிக்கிறாவ" என்றாள்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று பெரியவரிடம் எடுத்துச் சொன்னேன். பிழை என்னுடையது. நான் நடத்தியது பாதிப் பாடம். மீதியை மறுநாள் நடத்தினேன்.

கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களை உருவாக்குகிறது. அவை குடலுக்கு வந்து, பெரும்பகுதி மீண்டும் கல்லீரலுக்கே திரும்புகின்றன. பெக்டின் குடலில் கூழாகி அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் அளவு முக்கியம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இந்தப் பயனை ஏற்றபோது குறித்த அளவு நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின். ஒன்றிரண்டு தோலைக் கொதிக்கவைத்த நீரில் அவ்வளவு இராது. சாறு ஆலைகளில் மிஞ்சும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களையும் ஆப்பிள் சக்கையையும் கொண்டுதான் தொழிற்சாலைகள் பெக்டினைப் பிரித்தெடுக்கின்றன. ஜாம் இறுகுவது அதனால்தான்.

இதை வகுப்பில் காட்டலாம். தோலின் வெள்ளைப் பகுதியை நறுக்கிச் சிறிது நீரில் வேகவைத்து வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். அடுப்பை அணைத்து அப்புறப்படுத்தியபின், அதே அளவு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஆசிரியரே ஊற்ற வேண்டும். கூழ்போலத் திரள்வது பெக்டின். யாரும் சுவைக்கக் கூடாது.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது எளிது. பீர்க்கங்காய்த் தோல் துவையல், தர்ப்பூசணி வெள்ளைப் பகுதியில் கூட்டு, வாழைத்தண்டுப் பொரியல் எல்லாம் நார்ச்சத்துள்ளவை. தோலை நன்றாகக் கழுவ வேண்டும். எலுமிச்சைத் தோலை ஊறுகாயாக்கினால் உப்பு கூடிவிடும். கருவாடும் சேரும் நம் கடற்கரை வீடுகளில், நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை நினைவூட்டுவது நல்லது.

தாத்தா மீண்டும் மாத்திரை சாப்பிடுகிறார்; துவையலும் சாப்பிடுகிறார். உணவு மருந்துக்குத் துணை, மாற்று அன்று. நலவாழ்வுப் பாடம் எதுவானாலும் இந்த ஒரு வரியைச் சேர்த்தே நடத்துங்கள். நாம் வகுப்பில் சொல்வதை வீட்டில் பெரியவர்களும் கேட்கிறார்கள்.