மூட்டுவாதம் வந்தால் வேலை போய்விடுமா?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. பால் பாத்திரத்தைத் தூக்கினால் கை நழுவுகிறது. பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் இளகுகிறது. வேலைக்குப் போக வேண்டிய நேரமோ எட்டு மணி!

மூட்டுவாதம் உள்ள பலருடைய கஷ்டம் இது.

இது கிழவர்களுக்கு வரும் நோய் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. வயதான பிறகு மூட்டு தேய்ந்து வலிப்பது ஒரு வகை. முடக்குவாதம் வேறு வகை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டுகளையே தாக்கிவிடுகிறது. இது முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அதாவது, குடும்பத்துக்காக உழைக்கிற வயதில் வருகிறது.

தொடக்கத்திலேயே டாக்டரிடம் போனால் இதை அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக் காலத்தைக் கடத்தினால் மூட்டு கோணிவிடும். கோணிய பிறகு மருந்தால் அதை நிமிர்த்த முடியாது.

சரி, வேலை?

"இனி முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்! முதலில் வேலை செய்யும் விதத்தை மாற்றிப் பாருங்கள்.

ஓவியர் செய்த தந்திரம்

பிரான்சு நாட்டில் ரெனுவார் என்று ஓர் ஓவியர் இருந்தார். உலகப் புகழ் பெற்றவர். 1892-ம் ஆண்டு வாக்கில் அவருக்கு முடக்குவாதம் வந்தது. நாளடைவில் விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கிவிட்டன. பிறகு நடக்கவும் முடியவில்லை. சக்கர நாற்காலிதான்.

அவர் வரைவதை விட்டாரா? இல்லை. மடங்கிய விரல்களுக்கு நடுவே பிறர் தூரிகையை வைத்துவிடுவார்கள். தோல் உராயாமல் இருக்கக் கையில் துணி சுற்றிக்கொண்டார். பெரிய படம் வரையக் கை எட்டவில்லை. அதனால் துணியை உருளையில் சுற்றி, படத்தையே தன் பக்கம் நகர்த்த வைத்தார்! 1919-ம் ஆண்டு, 78-வது வயதில் இறக்கும் வரை வரைந்தார்.

தையற்கடையில்

நாம் ஓவியர்கள் அல்ல. ஆனால் வழி அதேதான்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலால் மிதிக்கும் மெஷினில் மோட்டார் பொருத்தினால் முழங்கால் தப்பும். கத்தரிக்கோல் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரலை இறுக்க வேண்டாம். வெட்டுகிற வேலையைக் காலையில் வைக்காமல், கை இளகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரே வேலையை மணிக்கணக்கில் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யலாம். அரை மணிக்கு ஒரு தடவை கையை நீட்டி மடக்கி ஓய்வு கொடுக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

முதலாளியிடம் எப்படிக் கேட்பது? "கை வலிக்கிறது ஐயா" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? லீவு கொடுப்பார், அல்லது ஆளை மாற்றுவார். "ஒன்பது மணிக்கு வருகிறேன் ஐயா, மாலையில் ஒரு மணி கூட இருக்கிறேன். மூட்டை தூக்குவதை மட்டும் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். முதலாளிக்கும் இதில் லாபம்தான். பத்து வருடம் பழகிய கையை அனுப்பிவிட்டுப் புதுக் கையைப் பழக்குவது லேசா?

உட்காரும் உரிமை

துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களுக்கு முழங்கால் வலி எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடினார்கள். அங்கே 2018-ம் ஆண்டு உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டிலும் 2021-ம் ஆண்டு சட்டம் வந்தது. கடையில் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட வேண்டும். வேலைக்கு நடுவே அவர்கள் உட்கார வசதி வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே நாற்காலி கேட்பது சலுகை அல்ல!

அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் பலமான பாதுகாப்பு உண்டு. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கக் கூடாது. பதவி குறைக்கவும் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். தனியார் கம்பெனிக்கு இந்த விதி இல்லை என்பது ஒரு குறைதான்.

புதிதாக வேலை தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மூட்டுகள் மிகவும் பாதிக்கப்பட்டு, ஊனம் நூற்றுக்கு 40-க்குக் குறையாமல் இருப்பதாக டாக்டர்கள் சான்று கொடுத்தால், அரசாங்க வேலையில் மாற்றுத் திறனாளிகளுக்கான இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். வாதம் வந்த எல்லோருக்கும் இந்தச் சான்று கிடைத்துவிடாது.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியா? வலி முற்றிப் படுத்துவிட்டால் உடனே ராஜினாமா எழுத வேண்டாம். சந்தா சரியாகக் கட்டியிருந்தால், டாக்டர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் பணம் கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ அக்காவோ வாதத்தோடு வேலைக்குப் போகிறார்களா? காலையில் குடம் தூக்குவதையும், துணி பிழிவதையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் வீட்டு வேலையிலேயே கை ஓய்ந்துவிட்டால், பிறகு எந்தக் கையோடு அவர்கள் வேலைக்குப் போவார்கள்?