வீட்டோரம் கதண்டு கூடா? அலட்சியம் வேண்டாம்

தென்னை மட்டைக்கு அடியிலோ மாடி சன்ஷேடின் மூலையிலோ கவிழ்த்த பானை மாதிரி ஒரு கூடு தொங்கும். ‘அது பாட்டுக்கு இருக்கட்டும்’ என்று விட்டுவிடுவோம். தேங்காய் பறிக்க ஆள் ஏறும்போது, பிள்ளைகள் கல் விட்டெறியும்போது, பக்கத்தில் புதர் வெட்டும் இயந்திரம் ஓடும்போது கூடு கலையும். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனவர்களைக் கதண்டு கொட்டி மருத்துவமனையில் சேர்த்த செய்தியை அடிக்கடி படிக்கிறோம். ஒரே ஒரு கொட்டில் உயிர் போனவர்களும் உண்டு; பல கொட்டு வாங்கி, வலி அடங்கி வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் டயாலிசிஸுக்கு வந்தவர்களும் உண்டு.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

கதண்டு சாதாரணக் குளவியைவிடப் பெரியது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். கருத்த உடலில், வயிற்றுப் பகுதியில் மட்டும் பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் சுரண்டி, எச்சிலோடு மென்று கூழாக்கிக் கூடு கட்டும். அதனால்தான் கூட்டின் மேல் சாம்பலும் பழுப்புமாக வரிவரியாகத் தெரிகிறது. சில வகை மரப்பொந்திலும் மண்ணுக்குள்ளும் கட்டும் என்பதால், தலைக்கு மேலே மட்டும் பார்த்தால் போதாது.

தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. கொட்டியதும் அது நம் தோலில் மாட்டிக்கொள்ள, தேனீ செத்துவிடும். கதண்டின் கொடுக்கு வழவழப்பானது; ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை அடித்து நசுக்கினால் அதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றையும் உசுப்பிவிடும்.

முதல் ஒரு மணி நேரம்: ஒவ்வாமை

பெரும்பாலானவர்களுக்கு வலி, வீக்கம், எரிச்சலோடு போய்விடும். ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே போதும். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது. அந்தக் கொட்டிலேயே உடல் விஷத்துக்கு எதிராகத் தயாராகியிருக்கலாம்.

கொட்டிய இடம் தவிர உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கரகரத்தல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றி விழுதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இந்த நேரத்தில் உயிர்காக்கும் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. அவில் போன்ற அலர்ஜி மருந்து அரிப்பைக் குறைக்கும். அட்ரினலினுக்கு மாற்று ஆகாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மூன்று நாட்கள்: சிறுநீரகம்

நிறைய கொட்டு வாங்கியவருக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் விஷத்தின் அளவே ஆபத்து. அது தசைகளையும் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கிறது. சிதைந்து வெளிவரும் பொருட்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கின்றன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறினாலோ, அளவு குறைந்தாலோ தாமதிக்கக் கூடாது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 2013இல் பெருங்குளவிகள் கொட்டி 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டவர்களும் இருந்தனர். உடல் எடை குறைவு என்பதால் குழந்தைகளுக்குக் குறைந்த கொட்டே பெரிய அளவு விஷம்.

கொட்டினால் என்ன செய்வது?

• துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கையை வீசி விரட்ட வேண்டாம்.
• வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையலைக் கழற்றுங்கள்.
• சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வையுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவுவதும், கயிறு கட்டுவதும், கீறிவிடுவதும் வேண்டாம்.
• மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள்.
• வாய், தொண்டையில் கொட்டினாலோ பல இடங்களில் கொட்டினாலோ அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் வரை கண்காணிப்பில் இருங்கள்.

கூட்டை யார் அகற்றுவது?

தீப்பந்தம் கட்டிக் கொளுத்துவது, கல்லெறிவது, தண்ணீர் பீய்ச்சுவது எல்லாமே கதண்டைக் கிளப்பிவிடும் வேலைகள். கீற்றுக் கொட்டகை பக்கத்தில் இருந்தால் தீ விபத்தும் சேரும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112இல் சொல்லுங்கள். கதண்டுகள் கூடடைந்த இரவில், பாதுகாப்பு உடையோடு வந்து அகற்றுவார்கள். அதுவரை அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், பட்டாசு வெடிக்காதீர்கள். தேங்காய் பறிக்க வருபவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆள் புழங்காத தோப்பின் கோடியில் இருக்கும் கூட்டை விட்டுவைக்கலாம். பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் கதண்டுதான். வாசல், கிணற்றடி, பள்ளிக்கூடம், நடைபாதை அருகே இருந்தால் யோசிக்காமல் அகற்றச் சொல்லுங்கள். கூடு சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வேலையும் எளிது, ஆபத்தும் குறைவு.