ஏரியடியில் கிடப்பதும் ஊர்ச் சொத்துதான்

கோடையில் ஏரி வற்றியதும் பொக்லைன் இறங்குகிறது. வண்டலோடு கறுப்பு சிவப்புப் பானை ஓடும், முதுமக்கள் தாழியின் வாய் விளிம்பும், எழுத்து வெட்டிய கல்லும் ஏறி வருகின்றன. பானை ஓடுகளை லாரியில் கொட்டுகிறார்கள். கல் துணி துவைக்கப் போகிறது. அல்லது பக்தியோடு எண்ணெய் பூசி, எழுத்தே தெரியாமல் ஆக்குகிறார்கள். நீருக்கடியில் உள்ள தொன்மை என்றால் பூம்புகார், மாமல்லபுரக் கடல் மட்டும்தான் என்ற நினைப்பே இதற்குக் காரணம். யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டுகளாக முழுதாகவோ பாதியாகவோ, தொடர்ந்தோ விட்டுவிட்டோ நீரில் கிடக்கும் மனிதச் சுவடுகள் அனைத்தையும் கணக்கில் சேர்க்கிறது. இந்தியா அதில் சேரவில்லை என்றாலும், மழையில் நிரம்பிச் சித்திரையில் காயும் நம் ஏரிக்கு இவ்வளவு பொருந்தும் வரையறை வேறில்லை.

மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் மத்தியப் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அதைத் தாண்டினால் கேட்பாரில்லை. அதே மன்னனின் மகேந்திரவாடிக் கல்வெட்டோ கோயிலை மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாகவே சொல்கிறது. குன்று, ஏரி, மதகு, வாய்க்கால் எல்லாம் சேர்ந்த ஒரே நிலப்பரப்பை நாம் பாறையிலிருந்து டேப் பிடித்து அளந்து துண்டாக்கிவிட்டோம். வற்றிய ஏரிக்குள் இரண்டு கல்தூண்களும் குறுக்கே ஒரு கல்லும் நின்றால் அது ஏரி நீரை வெளியேற்றும் பழைய குமிழித்தூம்பாக இருக்கலாம். தூணின் முகப்பில், நீர் ஏறி இறங்கிய கறைக்கு நடுவே, தூம்பு செய்து கொடுத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கலாம். அதைப் படிக்கக் கம்பித் தூரிகையும் ஆசிடும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

தூர்வாரக் கூடாதா என்று விவசாயிகள் கேட்பது நியாயம். தாராளமாகத் தூர்வாரலாம், பொருள் தென்பட்ட இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். சொன்னால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் தண்டிப்பது மறைத்தவரை. கண்டெடுத்துச் சொன்னவரை அல்ல. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: எடுத்துப் போகாதீர்கள், விற்காதீர்கள், ஒளிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. பொருளை அசைக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஈர மரம் வெளிப்பட்டால் காயவிடாமல் நனைந்த சாக்கால் மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். அது காற்றோடு போகும். மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி, இவை கட்டாயம். புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். நகல்கள் வட்டாட்சியருக்கும், சென்னை எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கும் போகட்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேலான ஏரி என்றால் நீர்வளத் துறைக்கும், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒரு நகல். எங்கள் வேலை இல்லை என்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொள்வதற்குள் கல் காணாமல் போய்விடும் என்பதால்தான் இத்தனை நகல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் வரவில்லையென்றால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.