பெயரறியாப் போர்வீரனும் பெயர்ந்த எல்லையும்

சுதந்திரத்திற்குக் கொடுத்த விலையைப் புகழ்ந்து பேசுவது எளிது. கணக்குப் பார்ப்பதே அரிது. போலந்து தேசத்தின் சரித்திரம் அக்கணக்கை நம்முன் விரித்து வைக்கிறது.

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அத்தேசத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 1830-லும் 1863-லும் கிளர்ந்தெழுந்த ஜனங்களை ருஷ்யச் சேனைகள் அடக்கின. 1914-ல் மகாயுத்தம் மூண்டபோது மூன்று அரசுகளும் போலந்து வாலிபர்களைத் தத்தம் சேனையில் சேர்த்தன. ஒரே பாஷை பேசிய சகோதரர்கள் எதிரெதிர் அணிகளில் நின்று, அந்நிய அரசர்களுக்காக ஒருவரையொருவர் சுட்டனர். இவ்வாறு மாண்டவர் சுமார் 4,50,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. சுதந்திரமற்றவனுக்குத் தான் எதற்காகச் சாகவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லை.

1918 நவம்பரில் சுதந்திரம் வந்தது. ஆனால் எல்லை எதுவென்று ஒருவரும் அறியார். லுவோவ் நகரில் போலந்தியர் பெரும்பான்மையோர். சுற்றியிருந்த கிராமங்களிலோ உக்ரேனியர் பெரும்பான்மையோர். இரு சாராரும் அந்நகரைத் தமதென்றனர். பள்ளிப் பிள்ளைகளும் துப்பாக்கி ஏந்தினர். பதினான்கு வயதுச் சிறுவனும் மாண்டான். 1919 ஜூலையில் முடிந்த அந்த யுத்தத்தில் போலந்தியர் சுமார் 10,000 பேரும் உக்ரேனியர் சுமார் 15,000 பேரும் மடிந்தனர் என்பர். ஸோவியத் ருஷ்யாவுடன் நடந்த போரோ 1921 மார்ச்சில் ரீகா உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது. அதில் போர்முனையிலும், காயத்தாலும், நோயாலும் இறந்த போலந்து வீரர் ஏறக்குறைய 47,000 பேர்.

1925-ல் பெயரறியாப் போர்வீரன் ஒருவனுக்கு வார்ஸாவில் சமாதி அமைக்க அரசாங்கம் தீர்மானித்தது. எந்தப் போர்க்களத்திலிருந்து உடலை எடுப்பது எனச் சீட்டுக் குலுக்கியதில் லுவோவ் வந்தது. அங்கே தோண்டியெடுத்த மூன்று பேழைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்தவள் ஒரு தாய். 1920 ஆகஸ்டில் ஸோவியத் குதிரைப்படையுடன் பொருது மாண்ட அவளுடைய மகனின் உடல் கிடைக்கவேயில்லை.

அவ்வீரன் காத்த நகரம் இன்று போலந்தில் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின், 1945-ல், வல்லரசுகள் எல்லையை மேற்கே நகர்த்தின. இன்று அந்நகரம் லிவிவ் என்ற பெயரில் உக்ரேனுக்கு உரியது. அங்குள்ள போலந்துச் சிறுவர்களின் இடுகாட்டை 1971-ல் ஸோவியத் அதிகாரிகள் இயந்திரங்களை ஏவிப் பாழாக்கினர். ஆயினும் 2005 ஜூனில் போலந்து, உக்ரேன் ஆகிய இரு நாடுகளின் ஜனாதிபதிகளும் சேர்ந்து நின்று, செப்பனிடப்பட்ட அவ்விடத்தைத் திறந்துவைத்தனர். அருகிலேயே உக்ரேனிய வீரர்களின் நினைவிடமும் இருக்கிறது.

அப்படியானால் அவர்கள் வீணாக மாண்டனரா? இல்லை என்பதே நமது துணிபு. சுதந்திரமும் எல்லையும் ஒன்றல்ல. எல்லை பெயர்ந்துவிட்டது, தேசம் நிலைத்திருக்கிறது. ஆனால், எல்லைக்காக மாண்டோரின் கணக்கை ஒரு பக்கம் மட்டும் எழுதி முடிக்கலாகாது. எதிரணியில் வீழ்ந்தவனும் தன் தேசத்திற்காகவே வீழ்ந்தான். அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். அவ்விரு வரிசைக் கல்லறைகளையும் ஒருங்கே வணங்கக் கற்ற ஜனங்களே சுதந்திரத்தின் முழு விலையையும் அறிந்தவராவர்.