யாருடைய மூலக்கூறில் அளந்தார்கள்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமி தொற்றினால், அவர் உடலின் செல்கள் அந்தக் கிருமியின் புரதத்தைத் துண்டாக்கி, எச்எல்ஏ என்னும் மூலக்கூறின் பள்ளத்தில் பொருத்தி வெளியே காட்டுகின்றன. அதைக் கண்டுதான் நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் தாக்கத் தொடங்குகின்றன. பெப்டைடு எனப்படும் அந்தத் துண்டு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பது, தடுப்பூசி ஆய்வின் முதல் படிகளில் ஒன்று. எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறுவது. ஒவ்வொரு மக்கள்கூட்டத்திலும் ஒவ்வொரு வகை மிகுந்திருக்கும். ஆகவே நம் மக்களுக்கான தடுப்பூசியை, நம் மக்களிடம் உள்ள மூலக்கூறுகளில் அளந்துதான் தேட வேண்டும்.

அளக்கும் முறைகளில் பெயர்பெற்றது போட்டிச் சோதனை. தூய்மைப்படுத்திய எச்எல்ஏவோடு அடையாளமிட்ட பெப்டைடு ஒன்றைச் சேர்த்து, சோதிக்க வேண்டிய பெப்டைடைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். அடையாளமிட்ட பெப்டைடு ஒட்டுவதைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு செறிவு தேவைப்பட்டது என்பதே கணக்கு. எண் குறையக் குறையப் பிடிப்பு வலுவானது. 500 நானோமோலாருக்குள் இருந்தால் மேலே ஆராயலாம் என்பது வழக்கம். இன்னொரு முறையில் டி2 என்னும் செல்களைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல பெப்டைடு கிடைத்தால் அவற்றின் மேற்பரப்பில் எச்எல்ஏ நிலைத்து நிற்கும். ஆனால் டி2 செல்லில் இருப்பது ஐரோப்பியர்களிடம் மிகுந்த ஏ*02:01 வகை. இந்தியர்களிடம் ஏ*02:11 போன்ற உறவு வகைகளும் பரவலாக உண்டு. இவற்றுக்கிடையே ஒருசில அமினோ அமிலங்களே வேறு என்றாலும், ஒன்றில் கண்ட முடிவை அளக்காமலே மற்றதற்குப் பொருத்துவது சரியல்ல.

இந்த வேறுபாடு நோயோடும் தொடர்புடையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம்.பிச்சப்பன் குழுவும் சென்னைக் காசநோய் ஆய்வு மையமும், தென்னிந்திய நுரையீரல் காசநோயாளிகளிடம் எச்எல்ஏ-டிஆர்2 என்னும் வகை மிகுந்திருப்பதை 1990களில் பதிவுசெய்தன.

கணினியே கணித்துவிடுமே, ஆய்வகம் எதற்கு என்று கேட்கலாம். கணினி கற்பது ஆய்வகத்தில் அளந்த எண்களிலிருந்துதான். அளவீடு குறைந்த வகைகளில் அதன் கணிப்பும் தடுமாறும். ஒட்டுவதாலேயே நோய் எதிர்ப்பு வந்துவிடுமா என்பது இன்னும் வலுவான கேள்வி. வராது. ஒட்டிய துண்டை டி செல் அடையாளம் காண வேண்டும். செல்லும் அந்தத் துண்டை வெட்டித் தர வேண்டும். ஆயினும் ஒட்டவே ஒட்டாத துண்டு டி செல்லின் கண்ணில் படாது. வீண் முயற்சிகளை முதலிலேயே கழித்துவிட இந்த அளவீடு உதவும். இந்த வேலையைத் தொடங்கப் புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இம்மாவட்ட மக்களின் எச்எல்ஏ வகைகளை அவர்கள் ஒப்புதலோடு பதிவுசெய்து, அவற்றில் பெப்டைடுகளை அளக்கும் ஆய்வகங்களுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும்.