ஆக்ஸிலேட்டர் ஒட்டிக்கொண்டால்...

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். வண்டி ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர். 2014-இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள்.

சென்ற ஆவணியில் அப்படி ஒரு திருமணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மூடிய ரயில்வே கேட்டை நெருங்குகையில் அப்பா காலை எடுத்தார், வேகம் குறையவில்லை. மிதி கீழேயே நின்றுவிட்டது. முன்னால் சைக்கிளில் இரண்டு பிள்ளைகள். அப்பா கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினார். எஞ்சின் அலறியது, கார் நின்றது. அதன் பிறகே சாவியைத் திருப்பி அணைத்தார். சைக்கிளுக்கும் எங்களுக்கும் நாலடிதான் இருந்திருக்கும்.

ஓடும்போது சாவியை உருவக்கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு. பிரேக்கை விட்டுவிட்டு மிதிப்பதும் தவறு. எஞ்சினின் வெற்றிடத்தால் பிரேக்குக்குத் துணைவிசை தரும் கார்களில், மிதி முழுதும் அழுந்தியிருக்கையில் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். மிச்சமிருக்கும் துணைவிசையும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும்.

சரி, மிதி ஏன் ஒட்டியது? அதற்கு முந்தின வாரமே மிதி மந்தமாக இருக்கிறதென்று ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டியிருந்தோம். அவர்கள் கார்புரேட்டர் பக்கம் கனமான ஸ்பிரிங் ஒன்றை மாட்டி, "இனி தானாகத் திரும்பும்" என்று அனுப்பினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தவறு எங்கே என்பது வகுப்பில் உராய்வு பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மிரண்ட காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன் கூடப் பிடித்து நிறுத்தலாம். இதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருப்போம். கயிறு வளையும் கோணம் கூடக்கூட உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உராய்வுக் கெழுவையும் ரேடியனில் கோணத்தையும் பெருக்கி, 2.718 என்ற எண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பதே அந்த மடங்கு. உறைக்குள் வளைந்து செல்லும் ஆக்ஸிலேட்டர் ஒயரும் அந்தக் கயிறு போன்றதே.

ஒயரின் வளைவுகளைக் கூட்டினால் 180 பாகை, துருப்பிடித்த நிலையில் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம். மடங்கு 3.5 வரும். ஸ்பிரிங் 1 கிலோ விசையில் இழுத்தால், மிதிக்கும்போது ஒயரின் பெடல் முனையை 3.5 கிலோ விசையில் இழுக்க வேண்டும். திரும்பும்போது அந்த முனைக்கு வந்து சேருவதோ 285 கிராம்தான்! ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் கால் வலிதான் மிச்சம். எண்ணெய் விட்டுக் கெழுவை 0.15 ஆக்கினால் அதே பழைய ஸ்பிரிங்கே 625 கிராம் கொண்டு சேர்க்கும். வளைவையும் 90 பாகையாகக் குறைத்தால் ஏறக்குறைய 790.

ஆகவே ஸ்பிரிங்கைத் தொடுமுன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, முதலில் கீழே விரித்த மேட்டைப் பாருங்கள். மேட் மிதியில் மாட்டுவது சிரிப்புக்குரிய காரணமல்ல; 2009-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் இதற்காகவே இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. அடுத்து, கார்புரேட்டர் முனையில் ஒயரைக் கழற்றி, அங்குள்ள நெம்புகோலை விரலால் திருப்பிப் பார்க்க வேண்டும். அது தடையின்றித் திரும்பினால் குற்றம் ஒயரிலோ பெடலின் அச்சிலோ இருக்கிறது. முதலில் ஒட்டிப் பிறகு வெடுக்கென்று விடுபட்டால் கார்புரேட்டர் கழுத்தில் பிசின் படிந்திருக்கிறது. நிலையுராய்வு இயக்க உராய்வை விடப் பெரிதென்று படித்தோமே, அந்த வெடுக்கு அதுதான். பெட்ரோலில் நனைத்த பழைய பல் பிரஷால் தேய்த்தால் போய்விடும். (அப்போது பக்கத்தில் பீடியோடு யாரும் நிற்கக்கூடாது.)

எங்களுடையது ஒயர்தான். ஒரு நாள் மாலை அதைக் கழற்றி வேப்பங்கிளையில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் பிளாஸ்டிக் தாளைப் புனல்போல் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். கீழே முதலில் வந்தது காவி நிறத் தண்ணீர். கிரீஸ் மட்டும் வேண்டாமென்றார் அப்பா, புழுதியைச் சேர்த்துக்கொள்ளுமாம். அடிமுனையைத் துடைத்தபோது ஒரு இழை அறுந்து சுருண்டிருந்தது கையில் குத்தியது. அதுதான் உறையின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. அறுந்த இழையை நறுக்கிவிட்டு ஓட்டலாமா என்றேன். "மத்த இழை எப்ப அறும்னு உனக்குத் தெரியுமா தம்பி?" என்றார். புது ஒயர் வாங்கி, பெரிய வளைவாக, சூடான புகைக்குழாயை விட்டு விலக்கிப் பொருத்தினோம். முனையில் சிறிது தளர்வும் விட்டோம். இழுத்துக் கட்டினால் நிற்கும்போதும் எஞ்சின் வேகமாக ஓடும்.

நான் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டியபோது அப்பா விடையை மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு கனமான ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதை மாட்டினார். கையால் மிதியை அழுத்தி விட்டார். டக்கென்று மேலே வந்தது. பத்துத் தடவையாவது அப்படிச் செய்து பார்த்த பிறகுதான் பானட்டை மூடினார்.